மட்டாஞ்சேரியில் ஓர் ஓவனும் ஊர் மோர் மிளகாயும்

1

எங்கள் கடையநல்லூரில் வெளிநாடு போனவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. துபாயிலிருந்து ஒருவர் வந்தால் தெருவே கூடி விசாரிக்கும். நான் கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்தவள். நான் ஊருக்குப் போய் நின்றால், "மட்டாஞ்சேரிதானே, இந்தா செங்கோட்டைக்கு அந்தப் பக்கம்" என்று சொல்லி ஒரு டீயைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கடல் தாண்டாதவளுக்கு ஏக்கம் கிடையாது என்பது அவர்கள் கணக்கு.

இந்த ஆனியோடு நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம். வந்த புதிதில் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. மட்டாஞ்சேரியில் நின்றுகொண்டே "இது மட்டாஞ்சேரி போகுமா" என்று கேட்டு, கண்டக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது எனக்கு மலையாளம் படிக்க வரும். என் மகளுக்குத் தமிழ் படிக்க வராது. வீட்டில் ஒரு சமநிலை வேண்டாமா!

ஊரில் ஆண்டுமலர் போடுகிற பிள்ளைகள் போன மாதம் போன் செய்து, "வெளியூர் வாழ்க்கையைப் பற்றி எழுதுங்க பெரியம்மா" என்றார்கள். துபாய்க்காரர்கள் எழுதியது போக ரெண்டு மூன்று பக்கம் மிஞ்சிவிட்டதாம். சரி, மிச்சத்துக்கு மட்டாஞ்சேரி. எதை எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் எங்கள் வீட்டு ஓவன் மக்கர் செய்தது. அந்த ஒரு நாளை எழுதினாலே என் இருபத்திரண்டு வருஷத்தையும் எழுதினது மாதிரி என்று தோன்றியது.

2

முதலில் என் வீட்டுக்காரரைச் சொல்லிவிடுகிறேன். பெயர் கரீம். அவர் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். இரண்டு ஊர்க்காரர்களும் அவரை அடுத்த ஊர்க்காரர் என்றே நினைப்பார்கள். பஜார் ரோடு பக்கத்தில் ஒரு சின்னக் கடை வைத்து மின் அடுப்பு, ஓவன், இன்டக்‌ஷன் எல்லாம் பழுது பார்க்கிறார். ஒரு பக்கம் சுக்குக் கிடங்கு, மறுபக்கம் மிளகுக் கிடங்கு. அதனால் எங்கள் வீட்டில் துவைத்துப் போட்ட சட்டைகூடக் கஷாயம் வைக்கலாம் போல மணக்கும்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுபோய்க் கொண்டுபோய் எனக்கும் அந்த வேலை பாதி வந்துவிட்டது. ஓவன் என்றால் பெரிய வித்தை எல்லாம் இல்லை. உள்ளே மேலேயும் கீழேயும் கம்பி மாதிரித் தெரிகிறதே, அது கம்பி இல்லை, குழாய். அதற்கு நடுவில் மெல்லிய சுருள் கம்பி ஒன்று ஓடுகிறது. கரண்ட் போனால் சுருள் பழுக்கும். சுருளுக்கும் குழாய்க்கும் நடுவே வெள்ளைப் பவுடரைக் கெட்டியாக அடைத்து வைத்திருப்பார்கள். அந்தப் பவுடர் சூட்டை வெளியே விடும், கரண்டை விடாது. மொத்தச் சூட்சுமமும் அந்தப் பவுடரில்தான் இருக்கிறது. அப்புறம் சூட்டை அளக்கிற தெர்மோஸ்டாட். கேட்ட சூடு வந்ததும் 'டிக்' என்று கரண்டை நிறுத்தும், ஆறினால் மறுபடி கொடுக்கும்.

இந்த 'டிக்' தெரியாமல் கடைக்கு வருகிறவர்கள்தான் பாதிப் பேர். "கரீம்க்கா, ரெட் லைட்டு கெட்டுப் போவுது, ஓவன் செத்துப் போயி" என்று ஆட்டோ பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். லைட் அணைந்தால் சூடு போதும் என்று அர்த்தம், அவ்வளவுதான். இன்னும் சிலர் டைமர் குமிழைத் திருப்பாமலே சூடு வரவில்லை என்பார்கள். கேக் மேலே கருகி உள்ளே மாவாக இருந்தால் கீழ்க்குழாய் எரியவில்லை, மேல்குழாய் மட்டும் வேலை செய்கிறது. பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தால் ஒயரைப் பிடிக்கிற திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது பெரிய பிளக்கைச் சின்னப் பாயின்டில் எதையோ வைத்துச் செருகியிருக்கிறார்கள். இன்டக்‌ஷன் அடுப்பு என்றால் இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், உள்ளே கரப்பான் குடும்பம் நடத்துகிறது.

எது வந்தாலும் என் வீட்டுக்காரர் முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க மாட்டார். ஒரே கேள்விதான் கேட்பார்.

"கடைசியா நல்லா ஓடினதுக்கும் இன்னைக்கும் இடையில இதுக்கு என்னா நடந்துச்சு? அது மட்டும் பறயுங்க."

எல்லாரும் "ஒண்ணும் நடக்கல" என்பார்கள். ஒரு டீச்சர் அப்படித்தான் சாதித்தார். கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு ஷூ லேஸ். மழையில் நனைந்த பையனுடைய பள்ளிக்கூட ஷூவை ஓவனில் வைத்துக் காயவைத்திருக்கிறார். ரஸ்க் பாக்கெட், தோசைக்கல், ஜாதகம் கூடக் கிடைத்திருக்கிறது. நம்மவர்களுக்குக் கதவு வைத்த எதைக் கண்டாலும் அலமாரிதான் என்று அன்றைக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரித்த வாய்க்கு அப்புறம்தான் கிடைத்தது.

3

ஒவ்வொரு சித்திரையிலும் ஊரில் என் அண்ணன் மனைவி, மைனி, மோர் மிளகாய் போடுவாள். கீறின மிளகாயைப் புளித்த மோரிலும் உப்பிலும் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்து, அது வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்து வரும்வரைக்கும் விடமாட்டாள். அண்ணன் அதைத் துணிப்பையில் கட்டி ரயிலில் யாரிடமாவது கொடுத்துவிடுவார். அந்தப் பையை அவிழ்க்கிற அன்றைக்கு எனக்கு வேறு பெருநாள் தேவையில்லை.

மட்டாஞ்சேரி மழையில் அதைக் காப்பாற்றுவதுதான் பாடு. இங்கே மூன்று பக்கமும் உப்புத் தண்ணீர். மழை பிடித்தால் அப்பளம் துணியாகிவிடும், உப்பு ஜாடி தானாக அழும். அரிசிப் பானைக்குள் புதைத்துப் பார்த்தேன், ஃபிரிட்ஜின் மேல் வைத்துப் பார்த்தேன். இந்த வருஷம் என் மகள் ஷிஃபானா ஊருக்குப் போயிருந்த சமயம், அவளுடைய ஓவன் சும்மா இருந்தது. இரும்புப் பெட்டி, கண்ணாடிக் கதவு. இதைவிடக் காய்ந்த இடம் இந்த வீட்டில் ஏது? பையைக் கீழ்த்தட்டில் வலது ஓரமாகச் சாய்த்து வைத்துக் கதவைச் சாத்தினேன். அவள் வருகிற அன்று எடுத்து வேறிடம் மாற்றித் தட்டையெல்லாம் துடைத்தும் வைத்தேன். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவள் ஊருக்குப் போனதற்கும் ஒரு காரணம் இருந்தது, காரணம் நான்தான். அண்ணன் மகன் ரியாஸ் ஊரில் மொபைல் கடை வைத்திருக்கிறான். தங்கமான பையன். ஷிஃபானாவை அவனுக்குக் கேட்டு அண்ணன் ரெண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "வெளிய போனவங்க வீட்டுல ஒண்ணாவது திரும்பி வரணும்லா ஜமீலா" என்பார். நான்தான் திரும்பவில்லை, என் மகளாவது அந்தத் தெருவில் நடக்கட்டும் என்று ஆசை. நேரே சொன்னால் கேட்க மாட்டாள் என்று, லீவுக்கு மாமா வீட்டில் இருந்துவிட்டு வா என்று அனுப்பினேன்.

ஷிஃபானாவுக்கோ ஓவன்தான் உயிர். பி.காம் முடித்துவிட்டு வீட்டில் கேக் செய்து விற்க ஆரம்பித்திருந்தாள். வீட்டில் செய்து விற்கவும் பதிவு வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்தோம். வீட்டு வரி ரசீதில் நான் ஜமீலா கரீம், ஆதாரில் செ. ஜமீலா. "ரெண்டும் ஒரே ஆளாணோ?" என்று ஆபீசர் மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு ஆளா இருந்தா ஒருத்திய எப்பவோ ஊருக்கு அனுப்பியிருப்பேனே சாரே" என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் சிரிப்புக்கு முத்திரை வைக்க முடியாதாம், இன்னும் மூன்று முறை வரவைத்துத்தான் கொடுத்தார்.

ஊரிலிருந்து திரும்பி வந்தவளிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"மாமா, மாமி எல்லாம் பாவம், நல்ல ஸ்னேகம். நான் சாயான்னு சொன்னா மட்டும் எல்லாரும் சிரிக்கிறாங்க. 'மலையாளத்துப் பிள்ள'ங்குறாங்க."

"அது விளையாட்டுக்கு."

"தெரியும் உம்மா. பட்சே மாமி ஒண்ணு சொன்னாங்க. கல்யாணத்துக்கப்புறம் கேக் சுட்டு விக்கிறதெல்லாம் வேண்டாமாம். வீட்டுல உள்ளவங்களுக்குச் சுட்டுக் கொடுத்தா மதியாம், அது போதுமாம்." பையிலிருந்த துணியை எடுத்து அடுக்கிக்கொண்டே, "எனக்கு அது மதியாவாது" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. சண்டை போட்டோம். கடைசியில் அவளே ஒரு பந்தயம் வைத்தாள். பக்கத்து வீட்டு ரோஸிலி சேச்சியின் மகள் அஞ்சுவுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மதுரம் வைப்பு. அது இந்த ஊர்க் கிறிஸ்தவர்களின் வழக்கம், கல்யாணப் பெண்ணை உட்காரவைத்துச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக இனிப்பு ஊட்டுவார்கள். அதற்கான மூன்றடுக்குக் கேக்கை ஷிஃபானாவிடம்தான் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அது.

"இந்தக் கேக் நல்லபடியா போய்ச் சேர்ந்தா, நீ மாமாகிட்ட இல்லன்னு சொல்லணும். சேரலன்னா, நீ சொல்றத நான் கேக்குறேன்."

நானும் சரி என்றேன். சரி என்று சொல்லும்போது, மூன்றடுக்குக் கேக் எல்லாம் இவளுக்கு எங்கே வரப்போகிறது என்று ஒரு நினைப்பு உள்ளே இருந்தது. பெற்றவள் அப்படி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள், நினைத்தேன்.

4

வெள்ளிக்கிழமை சுடுவதாக இருந்தது. அன்றைக்கென்று மழையில் மரம் விழுந்து நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. சனிக்கிழமை காலையில் வந்தது. சாயங்காலம் மதுரம் வைப்பு. மத்தியானத்துக்குள் சுட்டு, ஆறவைத்து, கிரீம் பூசினால் சரியாக இருக்கும் என்று ஷிஃபானா கணக்குப் போட்டாள். கேரட்டும் ஈச்சம்பழமும் போட்ட மாவைக் கலக்கி அச்சுகளில் ஊற்றிவிட்டு, ஓவனை முன்கூட்டியே சூடேற்றச் சுவிட்சைப் போட்டாள்.

வீடு மொத்தமும் அணைந்தது.

மெயினைத் தூக்கிவிட்டோம். ஓவனைப் போட்டதும் மறுபடி அணைந்தது. ஃபேன் ஓடுகிறது, மிக்ஸி ஓடுகிறது, ஓவனைத் தொட்டால் மட்டும் எல்லாம் போய்விடுகிறது. ஷிஃபானா அச்சுகளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், வாப்பாவுக்குப் போன் செய்தாள். ஜன்னல் வழியே ரோஸிலி சேச்சியின் குரல் வந்தது. "ஜமீலா, எந்தா, நிங்ஙள்க்கு மாத்ரம் கரண்டில்லே?"

"ஒண்ணுமில்ல சேச்சி, சும்மா!" என்று கத்தினேன்.

வேறு ஓவன் கிடைக்காதா என்று கேட்பீர்கள். ரோஸிலி சேச்சியின் ஓவனே எங்கள் கடையில்தான் தெர்மோஸ்டாட் இல்லாமல் மல்லாந்து கிடக்கிறது. பேக்கரியில் கொடுத்துச் சுட்டுவரலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அப்போ அது பேக்கரியோட கேக், என்னோடது இல்ல" என்று சொல்லிவிட்டாள். ரோஷக்காரி, யார் வயிற்றில் பிறந்தவள்!

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, ஓவனே தீர்ப்புச் சொல்லிவிட்டது, பிள்ளை ஊருக்குப் போவாள் என்று மனசு ஓடிற்று. ஊர்த் தெருவில் அவள் வாசல் தெளிக்கிறதுவரைக்கும் ஓடிவிட்டது.

5

வீட்டுக்காரர் குடையை மடக்காமலே உள்ளே வந்தார். மெயின் பெட்டியைப் பார்த்ததும், "இ.எல்.சி.பி. விழுந்திருக்கு. அப்போ எலிமென்ட் அறுந்து போகல. கரண்டு எங்கயோ கசியுது" என்றார்.

இந்த இ.எல்.சி.பி. என்கிற பெட்டியை உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். ஷாக் அடிக்காமல் காப்பாற்றுவது அதுதான். அதற்குத் தெரிந்தது ஒரே கணக்கு. ஒரு ஒயரில் வெளியே போன கரண்ட் முழுவதும் இன்னொரு ஒயரில் வீடு திரும்ப வேண்டும். போனதில் துளி போல வழியில் எங்காவது இறங்கிவிட்டாலும் போதும், வீட்டையே இருட்டாக்கிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அவர் இதை முதன்முதலில் சொல்லிக்கொடுத்தபோது, எங்கள் அண்ணனுக்கு இதைவிடப் பொருத்தமான பட்டப்பெயர் கிடையாது என்று சொல்லிச் சிரித்தேன்.

பிளக்கைப் பிடுங்கி ஓவனை மேஜைமேல் தூக்கி வைத்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"கடைசியா நல்லா ஓடினதுக்கும் இன்னைக்கும் இடையில இதுக்கு என்னா நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல வாப்பா. நான் ஊர்லல்லோ இருந்தேன்" என்றாள் ஷிஃபானா.

"ஒண்ணும் நடக்கல" என்றேன் நானும். சத்தியமாக எனக்கு அப்போது அந்தப் பை ஞாபகத்திலேயே இல்லை.

வலது பக்கத் தகரத்தைத் திருகிக் கழற்றினார். ஓவனின் குழாய்கள் எல்லாம் அந்தப் பக்கமாக வெளியே வந்துதான் ஒயரைப் பிடித்துக்கொள்ளும். குழாய் முனையில் வெள்ளைப் பீங்கானில் சின்ன மணி ஒன்று இருக்கும், கரண்ட் தகரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. கீழ்க்குழாயின் பீங்கான் மணி கண்ணுக்கே தெரியவில்லை. அதன்மேல் ஈரமாக, பிசுபிசுவென்று, வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அங்கிருந்து தகரம்வரைக்கும் ஒரு கோடு.

"மழ ஈரமா?" என்று கேட்டேன்.

"மழ ஈரம் வெள்ளையா இருக்குமா? உப்பு." விரலால் தொட்டு மோந்து பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. மறுபடி மோந்தார். டார்ச்சை அடித்து, இடுக்கியால் எதையோ பிடுங்கி எடுத்து உள்ளங்கையில் வைத்து எங்களிடம் நீட்டினார். மஞ்சளாக, தட்டையாக, ஒரு மிளகாய் விதை.

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஷூ லேஸ் டீச்சர் என் கண் முன்னால் வந்து நின்று நன்றாகச் சிரித்தார். மழை ஈரத்தைக் குடித்துக் குடித்து மோர் மிளகாயில் இருந்த உப்பு கசிந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் பையின் ஓரமாக இறங்கி, குழாய் நுழைகிற ஓட்டை வழியாகத் தகரத்துக்குள் போய்விட்டது. நான் துடைத்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த தட்டை மட்டும். உப்புத் தண்ணீரில் கரண்டுக்கு நல்ல ரோடு, நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். ஷிஃபானா சிரிக்கவில்லை.

"உம்மா, இது நீ மனசறிஞ்சு செஞ்சதா?"

இருபத்திரண்டு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "அல்லாஹ்மேல ஆணையா இல்லடி. மிளகாய் நமத்துப் போவுதேன்னு வச்சேன்" என்றேன். அது நிஜம்தான். ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால் என் மனசில் ஓடின சந்தோஷத்தை அவள் பார்த்துவிட்ட மாதிரி எனக்கு முகம் காந்தியது. அவள் கண் நிறைந்திருந்தது. அழுதுவிடக் கூடாது என்று அச்சில் இருந்த மாவைக் கரண்டியால் சும்மா தடவிக்கொண்டிருந்தாள். என் பிள்ளை ஊர்த் தெருவில் நடக்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டேன், இப்படித் தோற்றுப்போய் நடக்க வேண்டும் என்றா?

"என்ன செய்யணும்? சொல்லுங்க" என்று வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினேன்.

6

கடையில் இருந்த புதுக் குழாய் இந்த ஓவனுக்கு ஒரு விரற்கடை நீளம் அதிகம். இதையேதான் சரிசெய்ய வேண்டும். உப்பை எடுக்க ஒரே வழி நல்ல தண்ணீர் என்றார். ஈரத்தால் வந்த வியாதிக்குத் தண்ணீரையே மருந்தாகக் கொடுக்கிறார் மனுஷர்! குழாயைக் கழற்றி, முனையை மட்டும் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினார். பீங்கான் மணி பல் தேய்த்த மாதிரி வெளியே வந்தது. தகரத்தில் இருந்த கோட்டையும் துடைத்தார்.

"இனி ஒரு சொட்டு ஈரம் இல்லாம காயணும். குழாய்க்கு உள்ள இருக்குற பவுடரும் முனை வழியா ஈரத்தக் குடிச்சிருக்கும். அதுவும் காயணும். நல்ல வெயில்ல வச்சா..."

வெளியே பார்த்தோம். வெயிலா? வானம் கழுவின தோசைக்கல் மாதிரி இருந்தது. கேஸ் அடுப்பில் காட்டலாமா என்றேன். சூடு ஒரு பக்கமாகப் பட்டால் பீங்கான் வெடித்துவிடும், நிதானமான சூட்டுக் காற்றுதான் வேண்டும் என்றார்.

சூட்டுக் காற்று! பக்கத்து வீட்டு ஜன்னலில் அது காலையிலிருந்தே 'ஊ' என்று ஊதிக்கொண்டிருக்கிறதே! செருப்புக்கூடப் போடாமல் மழையில் ஓடினேன்.

கல்யாண வீட்டில் அஞ்சு ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். அழகுபடுத்த வந்த பெண் ஹேர் டிரையரைப் பிடித்துப் பாதித் தலையை முடித்திருந்தாள். நான் போய் அதன்மேல் கையை வைத்தேன்.

"மோளே, இது எனக்கு உடனே வேணும்."

"ஆண்டி, இவிடெ பகுதியே ஆயிட்டுள்ளூ!" என்று அந்தப் பெண் அலறினாள்.

"எந்தினா ஜமீலாத்தா?" என்றாள் அஞ்சு.

"உன் கேக்குக்கு."

ரோஸிலி சேச்சி நெஞ்சில் கையை வைத்தார். கும்பளங்கியிலிருந்து வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் கேக்குக்கு எதற்கு முடி உலர்த்துகிற மெஷின் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சு சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் வீட்டில் தயிர்ச்சோறு தின்று வளர்ந்தவள். தானே பிளக்கைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். ஒரு பக்கம் பட்டுப்போலவும் மறுபக்கம் நனைந்த தேங்காய் நார் போலவும் தலையோடு, குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள்.

அப்புறம் எங்கள் சமையலறையில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் குழாயைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு மெல்லத் திருப்புகிறார். நான் டிரையரைப் பிடித்துக் காற்று விடுகிறேன். நாளைக்குக் கல்யாணப் பெண்ணாகப் போகிறவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மிச்சம் வருகிற காற்றில் தன் தலையையும் காட்டிக்கொள்கிறாள். கதையைக் கேட்டதும் அவள் சிரித்த சிரிப்பில் ஷிஃபானாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நன்றாகச் சூடேறிக் காய்ந்தபின், மீட்டரை வைத்துப் பார்த்தார். "கசிவில்ல" என்றார். மாட்டி, திருகி, பிளக்கைச் செருகினார். எல்லாரும் மெயின் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஷிஃபானா சுவிட்சில் கையை வைத்துவிட்டு, போடாமல் என்னைப் பார்த்தாள்.

"போடும்மா" என்றேன். "பிஸ்மி சொல்லிப் போடு."

போட்டாள். சிவப்பு லைட் எரிந்தது. ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கேட்ட சூடு வந்ததும், 'டிக்' என்று ஒரு சத்தம். லைட் அணைந்தது. அந்தச் சத்தம் இவ்வளவு இனிமையானது என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

7

கேக் போய்ச் சேர்ந்தது. மேல் அடுக்கு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்ததை ஷிஃபானா கிரீம் பூ வைத்து மறைத்துவிட்டாள், அது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். மிளகாய் வாடை வருமோ என்று பயந்து வெட்டின ஓரத்தைத் தின்று பார்த்தேன். வரவில்லை. ஈச்சம்பழமும் கேரட்டும் வாயில் கரைந்தது. என் மகள் இவ்வளவு நன்றாகச் செய்வாள் என்று அதுவரைக்கும் நான் ஒழுங்காகத் தின்றுபார்த்ததே இல்லை என்று உறைத்தது.

பந்தலில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வைப்பின் தீவிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சு மேடையில் இருந்தாள், தலை இரண்டு பக்கமும் பட்டு. மாமன்மார் ஊட்டினார்கள். அத்தைமார் ஊட்டினார்கள். நான் கடைசி வரிசையில் பிரியாணி வாடை பிடித்துக்கொண்டு நின்றேன். மைக்கில் ரோஸிலி சேச்சியின் குரல் கேட்டது.

"ஜமீலா எவிடெ? ஜமீலா வரட்டே. என்னிட்டு மதி பாக்கி ஆள்க்கார்."

நான் ஊட்டின பிறகுதான் பாக்கிப் பேராம். சொந்தக்காரர்கள் வரிசையில் எனக்கு என்ன வேலை என்று தயங்கினேன். யாரோ முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்கள். திரும்பிப் பார்த்தால் ஷிஃபானா. மேடையேறி, அவள் செய்த கேக்கில் ஒரு துண்டு எடுத்து அஞ்சுவின் வாயில் வைத்தேன். அஞ்சு மென்றுகொண்டே என் காதுக்கு வாயைக் கொண்டுவந்தாள்.

"ஜமீலாத்தா, மதுரம் தின்னு தின்னு மடுத்து. நாளெ வைப்பினுக்குப் போவும்போ, ஆ முளகு கொறச்சு பொதிஞ்சு தரணே."

இனிப்பு தின்று தின்று சலித்துவிட்டதாம், அந்த மிளகாயில் கொஞ்சம் பொட்டலம் கட்டித் தர வேண்டுமாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கடையநல்லூரில் மைனி வெயிலில் காயவைத்த மிளகாய் வைப்பின் தீவுக்குப் புகுந்த வீடு போகிறது. கசிகிற கரண்ட் மாதிரி, போன வழியிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நான் இறங்கித்தான் இருக்கிறேன்.

கீழே இறங்கியதும் கைப்பையில் போன் அடித்தது. அண்ணன். பந்தலுக்கு வெளியே, மழை ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே நின்று எடுத்தேன். ஷிஃபானா பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன ஜமீலா, பிள்ள என்ன சொல்லுதா? ஒரு முடிவச் சொல்லு."

"அண்ணே, ரியாஸுக்கு நல்ல பிள்ளையா வேற பாருங்க. எம்பிள்ள இங்கதான் இருப்பா. அவளுக்கு இங்க வேல இருக்கு."

கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். ஆனால் குரல் சின்னதாகத்தான் வந்தது.

"அப்ப உங்க வீட்டுல யாருமே திரும்பி வர மாட்டீங்களா?"

"வருவோம்ணே. ரியாஸ் கல்யாணத்துக்குக் கேக் எம்மவதான் கொண்டு வருவா. அப்புறம் மைனிகிட்ட ஒண்ணு சொல்லுங்க. வர்ற சித்திரைக்கு மோர் மிளகாயக் கொஞ்சம் கூடுதலாப் போட்டு, நல்லா மூடுற டப்பாவுல அடைச்சு அனுப்பச் சொல்லுங்க. இங்க ஓவன்ல இனிமே இடமில்ல."